அரண்மனை 4: தெரிந்த கதைக்கு ஏன் அத்தனை கத்தல்?

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள், 2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. மாலைக் காட்சிக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆறு டிக்கெட்: அம்மா, மதினி, மதினி மகன், என் இரண்டு பெண்கள், நான். படம் வந்து மூன்றாம் நாள்தான். அதற்குள் எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து கதை முழுக்கச் சொல்லிவிட்டார்கள். சொல்லாமல் விட்டிருந்தாலும் எங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருந்திருக்காது. சுந்தர் சி.யின் அரண்மனை வரிசையில் இது நான்காவது. 2014, 2016, 2021, இப்போது 2024. ஒவ்வொன்றிலும் ஒரு பழைய பெரிய வீடு இருக்கும். அநியாயமாகச் செத்துப்போன ஒரு பெண் இருப்பாள். என்ன நடந்தது என்று துப்புத் துலக்க சுந்தர் சி. வருவார். கடைசியில் கோயில், பூஜை, சாமி.

அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பதுதான் இந்தப் படத்தைப் பற்றி நான் அதிகம் கேட்ட குறை. அது உண்மைதான், மறுக்கமாட்டேன். ஆனால் அன்றைக்கு எங்கள் ஊர்த் தியேட்டரில் ஜனம் கத்திய கத்தலையும் நான் கேட்டேன். எல்லாம் தெரிந்த ஜனம் ஏன் அப்படிக் கத்தியது என்பதைச் சொல்லாமல் இந்தப் படத்துக்கு விமர்சனம் எழுத எனக்கு மனசு வரவில்லை.

என் அப்பா முப்பது வருஷம் தியேட்டர் ஆபரேட்டர். கார்பன் குச்சி எரிந்த காலத்தில் சேர்ந்து, டிஜிட்டல் வந்தபோது வெளியே வந்தவர். ஆபரேட்டர் ரூமில் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சதுர ஓட்டை இருக்கும், படம் திரையில் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்காக. சாயங்காலம் அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோகும் நான், ஸ்டூலில் ஏறி அந்த ஓட்டை வழியாகத்தான் படம் பார்ப்பேன். அங்கிருந்து பார்த்தால் திரை தூரத்தில் சின்னதாக இருக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் தெரிவது வரிசை வரிசையாகத் தலைகள்தான்.

பேய்ப் படம் ஓடும்போது அப்பா ஒரு வேலை செய்வார். பேய் வரும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் சவுண்டைத் திருகிச் சற்றே குறைப்பார். கீழே ஜனம் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு மெல்ல முன்னால் சாயும். அந்த இடம் வந்ததும் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவருவார். அதற்கு மேலே ஏற்றமாட்டார். அத்தனை தலையும் ஒரே நேரத்தில் பின்னால் போகும். காற்றடித்த சோளக்காடு மாதிரி இருக்கும். அடுத்த வாரமும் அதே ஆட்களில் பாதிப் பேர் வருவார்கள், அதே இடத்தில் மறுபடியும் கத்துவார்கள். தெரிஞ்சுதானேப்பா வர்றாங்க, அப்புறம் எதுக்குக் கத்துறாங்க என்று ஒரு தடவை கேட்டேன். “தெரிஞ்சதாலதான் தாயி கத்துறாங்க. தெரியாதவன் முழிச்சுக்கிட்டு உட்காந்திருப்பான்” என்றார்.

சரி, படத்துக்கு வருகிறேன். கதையைச் சொல்லித்தான் பேசப்போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் அஸ்ஸாமில். பிரம்மபுத்திரா, படகு, இருட்டு, பாக் என்று ஒரு பேய். அது யாரைக் கொல்கிறதோ அவர்கள் உருவத்திலேயே வந்து நிற்கும். இந்தப் பாக் இயக்குநர் கற்பனை செய்தது இல்லை. அஸ்ஸாம் நாட்டுப்புறக் கதைகளில் குளம், ஆற்றங்கரைகளில் இருப்பதாகச் சொல்லப்படுகிற தண்ணீர்ப் பேய். மீன் என்றால் அதற்கு உயிர். தன்னோடு ஒரு பை வைத்திருக்கும், அந்தப் பையை எவன் கைப்பற்றுகிறானோ அவனுக்கு அது அடிமை. படம் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படித்தேன். நம் ஊர்ப் பேய்க் கதைகளில் புளியமரமும் வெள்ளைச் சேலையும் வந்து வந்து தேய்ந்துவிட்ட நேரத்தில், நாட்டின் இன்னொரு மூலையிலிருந்து ஒரு பேயைக் கூட்டிவந்தது இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். முந்தைய மூன்றிலும் பேய்க்கு ஒரு நியாயம் இருக்கும், அதனால் பாதியிலேயே அதன்மேல் இரக்கம் வந்துவிடும். இந்தப் பாக்மீது யாருக்கும் இரக்கம் வரவில்லை. அது வேற்று ஆள். தியேட்டரில் பயம் நின்றதற்கு அதுவே பாதிக் காரணம்.

சுந்தர் சி. வக்கீல். தங்கை செல்வி இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. அத்தை கோவை சரளாவோடு அந்த ஊருக்கு, அந்தப் பெரிய வீட்டுக்குப் போகிறார். செல்வியாகத் தமன்னா. செத்த பிறகும் தன் பிள்ளையை அந்தப் பாக்கிடமிருந்து காப்பாற்ற நிற்கிற அம்மா. கதை மொத்தம் இவ்வளவுதான்.

இனி அந்த இடம். புருஷனாக நடிக்கும் சந்தோஷ் பிரதாப்பின் முகத்தோடு பாக் வீட்டுக்குள் நிற்கிறது. நமக்குத் தெரியும், தமன்னாவுக்குத் தெரியாது. எங்களுக்கு முன்வரிசையில் ஒரு வயசான அம்மா, எழுபதைத் தாண்டியிருக்கும், காதில் தண்டட்டி போட்டு இழுத்த ஓட்டை. இடைவேளைக்கு வாங்கிய முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்திருந்தவர். தமன்னா அவன் பக்கம் நடக்க நடக்க, அந்த அம்மா இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். “தாயி, அது ஒம் புருசன் இல்ல தாயி. போகாத” என்றார். சத்தமாக இல்லை. பக்கத்து வீட்டு மருமகளிடம் வாசலில் நின்று சொல்வதுபோல, அவ்வளவு அக்கறையாக. அப்புறம் பின்னால் யாரோ ஒருவர், “போகாதம்மா!” என்று கத்தினார். அப்புறம் தியேட்டரே கத்தியது. திரையில் இருப்பவள் திரும்பமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கதை நமக்கு முன்னமே தெரியாமல் இருந்திருந்தால் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்திருக்குமா? வந்தவன் புருஷன் என்றே அவரும் நம்பியிருப்பார், பிறகு திடுக்கிட்டு அடங்கியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். 2009இல் யாவரும் நலம் பார்த்தபோது அப்படித்தான் இருந்தது. எங்கே போகிறது என்றே பிடிபடாத படம். தியேட்டரில் ஒரு சத்தம் கிடையாது. கையை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அது உயர்ந்த படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பயந்தோம். அரண்மனையில் எல்லோரும் சேர்ந்து பயந்தார்கள், சேர்ந்து எச்சரித்தார்கள்.

முன்னால் இரண்டாவது வரிசையில் காலேஜ் பையன்கள் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு எல்லாமே அத்துப்படி. இருட்டு நடை, திறந்த ஜன்னல், இசை நின்றுபோனது, உடனே “மூணு… ரெண்டு… ஒண்ணு” என்று எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். முதல் தடவை சரியாக ஒன்றில் வந்தது, கைதட்டினார்கள். இரண்டாவது தடவையும் சரி. மூன்றாவது தடவை ஒன்று சொல்லி முடித்தும் வரவில்லை. கேமரா மெல்ல நகர்ந்தது, வெறும் சுவர். பையன்கள் சிரிக்க வாயைத் திறந்தபோது வந்தது. பத்துப் பேரும் துள்ளியதில் வரிசையே ஆடியது. அதற்குப் பிறகு அவர்கள் எண்ணவே இல்லை. எத்தனையோ வருஷமாகக் குடும்பத்துக்கு என்று படம் எடுக்கும் மனுஷர் சுந்தர் சி. ஜனம் எந்த நொடியில் எதிர்பார்க்கும் என்று அவருக்குத் தெரிகிறது. அந்த நொடியை இரண்டு தடவை கொடுத்துவிட்டு மூன்றாவது தடவை தள்ளிப்போடவும் தெரிகிறது.

மதினி மகனுக்கு ஒன்பது வயது. பயம் வரும்போது அவன் கண்ணை மூடவில்லை, காதைப் பொத்திக்கொண்டான். விரலை உள்ளே விட்டுக்கொண்டு கண்ணை அகல விரித்துப் பார்த்தான். ஏன்டா இப்படி என்றேன். “கண்ண மூடுனா இன்னும் பயமா இருக்கு அத்தை. காத மூடுனா அது சும்மா மேக்கப் போட்ட ஆளுதான்” என்றான். இதை ஒன்பது வயதில் எப்படிக் கண்டுபிடித்தானோ! உண்மையிலேயே இந்தப் படத்தின் பயத்தில் முக்கால்வாசி ஹிப்ஹாப் தமிழாவின் பின்னணி இசையிலும் ஒலிச் சேர்க்கையிலும்தான் இருக்கிறது. முதலில் அடித்தொண்டை உறுமல் போல ஒரு கனத்த சத்தம் வரும், காதுக்கு முன்னால் அது நெஞ்சில்தான் தெரியும். பிறகு வெறும் நிசப்தம். பிறகு இடி. திடீர்ச் சத்தத்துக்கு இமை தானாக மூடும், தோள் தானாக ஏறும். நாம் யோசித்து முடிப்பதற்குள் உடம்பு அதைச் செய்துவிடும். வரப்போகிறது என்று தெரிந்திருப்பதால் அது நிற்பதில்லை. காத்திருக்கும் உடம்பு ஏற்கெனவே விறைத்திருப்பதால் இன்னும் அதிகமாகத்தான் துள்ளும்.

இதில்தான் எனக்கு வருத்தம். நாங்கள் பார்த்த தியேட்டரில் இடதுபக்கப் பின் ஸ்பீக்கர்கள் வேலை செய்யவில்லை. நமக்குப் பின்னாலிருந்து வரவேண்டிய காலடிச் சத்தமெல்லாம் வலதுபக்கச் சுவரிலிருந்து மட்டும் வந்தது. இடதுபக்கம் உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது எங்கோ அடுத்த தெருவில் கேட்பதுபோல இருந்தது. இடைவேளையில் போய்ச் சொன்னேன். “சரிம்மா, பாக்குறோம்” என்றார்கள். படம் முடியும்வரை அது அப்படியேதான் இருந்தது. ஒரு டிக்கெட்டுக்கு நூற்றுக்குமேல் கொடுத்து ஆறு பேர் வந்திருக்கிறோம். பேய்ப் படத்துக்குப் பின் ஸ்பீக்கர் இல்லை என்றால் அது சாம்பார் இல்லாமல் இட்லி போட்ட மாதிரி. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னபோது படத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் அவர் ஸ்பீக்கரைப் பற்றித்தான் அரைமணி நேரம் கேட்டார்.

காமெடி யோகி பாபு, விடிவி கணேஷ், கோவை சரளா. கோவை சரளா வாய் திறந்தாலே அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். நன்றாகப் பயந்து முடித்த கையோடு வருகிற சிரிப்பு எப்போதும் இரண்டு மடங்கு. முதல் பாதியில் அது சரியாக அமைந்தது. இரண்டாம் பாதியில் அப்படி இல்லை. ஒரு அம்மா தன் பிள்ளைக்காகத் துடித்துக்கொண்டிருக்கும் கதையில், அந்தச் சூடு ஆறுவதற்குள் காமெடிக்குத் தாவியபோது தியேட்டரில் சிரிப்பு அரைகுறையாகத்தான் வந்தது. ஜனம் அங்கே சிரிக்கத் தயாராக இல்லை. 2021இல் மூன்றாம் பாகம் பார்த்த நினைவு வந்தது. விவேக் அந்த ஏப்ரலில் காலமாகிவிட்டார், படம் அக்டோபரில் வந்தது. அவர் திரையில் வந்ததும் விசில், அப்புறம் ஒரு அமைதி, அப்புறம் சிரிப்பு. அந்த அமைதியை நான் மறக்கவில்லை. காமெடி நடிகர்கள் இந்த வரிசைக்கு எவ்வளவு முக்கியம் என்பது அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது. அதனால்தான் இதில் அவர்களுக்கு இன்னும் நல்ல காட்சிகள் எழுதியிருக்கலாமே என்று ஆதங்கமாக இருக்கிறது.

ராஷி கன்னாவுக்கும் பெரிதாக வேலை இல்லை. சுந்தர் சி. விசாரிக்கும் காட்சிகள் நீளம். நமக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டதை அவர் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார். பயத்தில் முன்கூட்டித் தெரிவது பலம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். துப்பறிவதில் அது பலவீனம். பையன்கள் போனை எடுத்ததும், என் மூத்தவள் தண்ணீர் பாட்டிலோடு வெளியே போய்வந்ததும் அந்த இடங்களில்தான். ஒரு இருபது நிமிஷத்தை அங்கே வெட்டியிருக்கலாம்.

கடைசியில் அம்மன் பாட்டு. சிம்ரனும் குஷ்பூவும் வந்து ஆடுகிறார்கள். இது வரும் என்றும் எதிர்வீட்டில் சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து திரையில் நின்றபோது என் வயதுப் பெண்கள் போட்ட விசிலைக் கேட்கவேண்டும்! மதினி விசில் அடிப்பாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். சின்ன வயதில் அம்மன் படங்களுக்கு ஆபரேட்டர் ரூமிலிருந்து நான் பார்த்ததெல்லாம் வேறு. பாட்டு ஏற ஏறச் சில பெண்களுக்கு அருள் வந்துவிடும், தியேட்டர்க்காரர்களே வேப்பிலையும் திருநீறும் தயாராக வைத்திருப்பார்கள். இந்தத் தடவை அருள் யாருக்கும் வரவில்லை. ஆனால் முன்வரிசையில் அந்த வயசான அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். காலேஜ் பையன்களில் ஒருவன் எழுந்து ஆடிக்கொண்டிருந்தான். இரண்டும் ஒரே பாட்டுக்கு.

அந்தக் கோடை எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 2024இன் முதல் சில மாதங்கள் தமிழ்ப் படங்களுக்குப் பெரிதாகக் கூட்டம் இல்லை. மலையாளத்திலிருந்து வந்த மஞ்ஞும்மல் பாய்ஸும், இருபது வருஷம் கழித்து ஏப்ரலில் மறுபடி போட்ட கில்லியும்தான் தியேட்டர்களைத் தாங்கின. பிள்ளைகளும் பாட்டிகளும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க ஒரு புதுப் படம் இல்லாமல் இருந்த நேரத்தில் இது வந்தது. பரீட்சை முடிந்த விடுமுறை, வெளியே வெயில், உள்ளே ஏசி. அது ஓடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, சந்தோஷம்தான்.

ஜூன் கடைசியில் ஓடிடியில் வந்தது. வீட்டு டிவியில் மறுபடியும் போட்டோம், மத்தியானம், ஜன்னல் திறந்திருந்தது, அடுப்பில் குக்கர். அதே படம் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. அந்தப் புருஷன் காட்சி வந்தபோது யாரும் “போகாத” என்று சொல்லவில்லை. கிராபிக்ஸ் சுமாராக இருப்பது தெரிந்தது, விசாரணை இழுப்பது தெரிந்தது, வசனங்களில் பாதி நமக்குத் தெரிந்ததையே சொல்வது தெரிந்தது. குறை சொன்னவர்கள் எல்லோரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள் என்று அன்றைக்குப் புரிந்தது. மதினி மகன் காதைப் பொத்தாமலே பார்த்தான்.

ஆகவே என் கணக்கு இது. இதை வீட்டில் தனியாகப் பார்க்க உட்காராதீர்கள், நேரம் வீண். எங்கேயாவது மறுபடி போட்டாலோ, ஐந்தாவது வந்தாலோ, ஞாயிற்றுக்கிழமை மாலைக் காட்சிக்கு, கூட்டம் உள்ள தியேட்டருக்கு, வீட்டில் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். சுவரோரம் வேண்டாம், நடுவில் கொஞ்சம் பின்தள்ளி உட்காருங்கள், சத்தம் நாலு பக்கமும் ஒரே மாதிரி விழும். யு/ஏ படம்தான், ஆனாலும் ஆறு ஏழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைத் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள். அம்மா அப்பா முகத்தோடு பேய் வந்து நிற்பது சின்னப் பிள்ளைகளுக்கு லேசான விஷயம் இல்லை. எங்களுக்குப் பின்னால் ஒரு குழந்தை படம் முடிகிறவரை தன் அப்பா மடிக்குப் போகவே இல்லை. கூப்பிடக் கூப்பிட அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த அப்பா கடைசியில் குழந்தையை அதன் அம்மாவிடமே விட்டுவிட்டு வெளியே போய் நின்றார்.

அன்றைக்கு இரவு அப்பாவிடம் எந்தெந்த இடத்தில் ஜனம் கத்தியது என்று வரிசையாகச் சொன்னேன். அவர் படத்தைப் பார்க்கவில்லை. முழங்கால் வலி, படி ஏற முடியாது. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “அந்த மூணாவது தடவை லேட்டா வந்ததுன்னியே, அது நல்ல வேலை” என்றார்.

ஒன்று விட்டுப்போயிற்று. பூஜை தொடங்கி, பாக் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். முன்வரிசை அம்மாவின் மகன் வந்து அவரை எழுப்பினார். அவர்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஒன்பது மணிக்காம். அந்த அம்மா எழுந்திருக்கவே இல்லை, மகன் கையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. பாதையில் என் இருக்கைக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே என் தோளைத் தொட்டார்.

“ஏத்தா, அந்தப் புள்ளைய அது ஒண்ணும் செஞ்சிராதுல்ல?”

“ஒண்ணும் செய்யாது ஆத்தா. அவ அம்மா விடமாட்டா.”

“விடமாட்டால்ல?”

“விடவே மாட்டா. நீங்க பஸ்ஸுக்குப் போங்க.”

முறுக்குப் பொட்டலத்தை என் சின்னவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.